பிள்ளைகள் கேட்கும் கேம் கம்ப்யூட்டர்: பாகங்களைப் பார்த்து வாங்குவது எப்படி?



கொள்முதலில் நம்மை ஏமாற்றுவது அவ்வளவு எளிதல்ல. துவரம் பருப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தே புதுசா பழசா என்று சொல்லிவிடுவோம். மூட்டை விலை, சாக்கு எடை, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு என்ன அடக்கம் என்று மனக்கணக்கிலேயே போட்டுவிடுவோம். ஆனால் வீட்டுப் பிள்ளை வந்து, "அப்பா, கேம் விளையாட, படம் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பாகங்களாக வாங்கித் தந்தால் நானே மாட்டிக்கொள்கிறேன்" என்று கேட்டால் மட்டும், அந்தத் திறமை முழுவதையும் கல்லாவிலேயே வைத்துவிட்டுப் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். பட்ட பிறகுதான் புத்தி வந்தது. அதை மற்ற உறுப்பினர்களும் அறிந்துகொண்டால் நல்லது என்றே இதை எழுதுகிறோம்.

எங்கள் கதை

2022 ஜூன் மாதம். மகன் பிளஸ் டூ முடித்திருந்தான். சொன்ன சொல் தவறக்கூடாதென்று சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். விற்பவர் சொன்னதே வேதம். வண்ண வண்ண விளக்கு எரியும் கேபினெட். அதனுடன் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்சப்ளைப் பெட்டி இலவசம். "பில் போட்டால் வரி சேருமே" என்றார். "வேண்டாம்" என்றோம். நாள் முழுதும் பில் போடுகிற நாமே அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

எட்டாவது மாதம் ஒரு மாலையில் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாசனை. இலவசமாக வந்த பெட்டி தான் போனதோடு நிற்காமல், மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக்கொண்டு போயிற்று. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். "இது எங்கள் சரக்கு என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். பில் இல்லாமல் ஒருவர் ஒழுகுகிற எண்ணெய் டின்னைக் கொண்டுவந்தால் நாமும் அதைத்தானே கேட்போம்? பதில் சொல்ல முடியவில்லை. மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் சண்டை போட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

2024 தீபாவளிக்கு இரண்டாம் முறை வாங்கியபோது முறையை மாற்றினோம். பாகங்களின் விவரம் அவன் பொறுப்பு, கொள்முதல் முறை எங்கள் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டு, ஒரு மாதம் இருவரும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். அப்போது கற்றுக்கொண்டவைதாம் இனி வருபவை.

முதலில் வேலை, பிறகு விலை

என்ன வியாபாரம் என்று முடிவு செய்யாமல் யாரும் கடைக்கு ரேக் அடிப்பதில்லை. கம்ப்யூட்டருக்கும் அப்படியே. படம் பார்ப்பதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் பெரிய முதலீடு தேவையே இல்லை. சினிமாப் படம் நொடிக்கு 24 காட்சிகளாகத்தான் ஓடுகிறது. பிராசஸருக்குள்ளேயே அமைந்த சிறிய கிராபிக்ஸ் அதற்குத் தாராளம். எச்.டி.எம்.ஐ. ஒயர் ஒன்று இருந்தால் வீட்டு டிவியிலேயே பார்க்கலாம்.

கேம் அப்படியல்ல. ஒவ்வொரு காட்சியையும் கம்ப்யூட்டர் அந்தந்த நொடியிலேயே வரைந்தாக வேண்டும். எவ்வளவு வரைய வேண்டும் என்பதை மானிட்டர்தான் தீர்மானிக்கிறது. 1920க்கு 1080 அளவுள்ள மானிட்டரில் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் உள்ளன. 2560க்கு 1440 என்றால் சுமார் 36 லட்சத்து 86 ஆயிரம். 4கே எனப்படும் 3840க்கு 2160 அளவில் சுமார் 82 லட்சத்து 94 ஆயிரம், அதாவது முதலில் சொன்னதைப்போல் நான்கு மடங்கு. இத்தனை புள்ளிகளையும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறையும், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 144 முறையும் புதுப்பிக்கும்.

ஆகவே மானிட்டரை முடிவு செய்துவிட்டுத்தான் மற்றதற்குப் போக வேண்டும். முதல் கம்ப்யூட்டருக்கு 1920க்கு 1080 அளவே போதும் என்பது எங்கள் கருத்து. 4கே மானிட்டரை வாங்கிவிட்டு அதற்கு ஈடுகொடுக்காத கிராபிக்ஸ் கார்டைப் போடுவது, லாரி லோடு சரக்கை எடுத்துவிட்டு இறக்கி வைக்க இடமில்லாமல் நிற்பது போன்றது.

எந்தப் பாகத்துக்கு என்ன வேலை?

பிராசஸர்: கணக்கு முழுவதையும் பார்க்கிற தலைமைக் கணக்கர். கேம் விளையாட ஆறு கோர் உள்ளது போதும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600, ரைசன் 5 7600, இன்டெலின் கோர் ஐ5 12400எஃப் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. பெயரின் கடைசியில் வரும் எழுத்தைக் கவனியுங்கள். 'எஃப்' என்றிருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு போட்டால்தான் திரையில் படம் வரும். ரைசனில் 'ஜி' என்றிருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் சற்று வலுவாகவே இருக்கும். பணம் குறைவாக உள்ளவர்கள் ஜி வகையில் தொடங்கி, பிற்பாடு தனிக் கார்டு சேர்த்துக்கொள்ளலாம்.

கிராபிக்ஸ் கார்டு: படம் வரைகிற பாகம். கேமின் வேகம் பெரும்பாலும் இதன் கையில்தான். இதற்கென்று தனி நினைவகம் உண்டு. ஒரே பெயரில் இரண்டு அளவு வரும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. 2025ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ., ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. இரண்டுமே 8 ஜிபியிலும் உண்டு, 16 ஜிபியிலும் உண்டு. ஒரே உறையில் 450 கிராமும் 500 கிராமும் வருகிற பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்த நமக்கு இது புதிதல்லவே! பெயரை மட்டும் பார்த்து விலையை ஒப்பிடாதீர்கள்.

ராம்: சரக்கை எடுத்துப் பரப்புகிற மேஜை. கேமுக்கு 16 ஜிபி குறைந்த அளவு. அதை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி துண்டு இரண்டாக வாங்கினால் இரண்டு வழியிலும் தகவல் ஓடும், வேகம் கூடும். பிற்பாடு கூட்டிக்கொள்ள மதர்போர்டில் நான்கு இடம் இருந்தால் நல்லது.

எஸ்.எஸ்.டி.: கிடங்கு. பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 150, 200 எம்பி அளவில் தகவல் தரும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 550 வரை தரும். மதர்போர்டிலேயே நேராகச் சொருகும் என்.வி.எம்.இ. வகையில் மூன்றாம் தலைமுறையே 3500 வரை எட்டும். இப்போதைய பெரிய கேம்கள் சில ஒவ்வொன்றும் 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கின்றன. எனவே 1 டிபி வாங்குவதே புத்திசாலித்தனம்.

மதர்போர்டு: இவை எல்லாவற்றையும் இணைக்கிற பலகை. இதில் தேவைக்கு மேல் செலவு செய்தாலும் கேமின் வேகம் கூடாது. தேவையான இணைப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

நூறு ரூபாயைப் பிரிப்பது எப்படி?

மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யு.பி.எஸ். ஆகியவற்றைத் தனியாக வையுங்கள். மீதியை நூறு ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், நாங்கள் பிரித்தது இப்படி:

கிராபிக்ஸ் கார்டு: 37
பிராசஸர்: 18
மதர்போர்டு: 14
ராம்: 9
எஸ்.எஸ்.டி.: 8
எஸ்.எம்.பி.எஸ்.: 8
கேபினெட், காற்றாடிகள்: 6

இது சட்டமல்ல, சந்தை நிலவரத்துக்கேற்ப முன்பின் மாறும். ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்கு 15ம், விளக்கு எரியும் கேபினெட்டுக்கு 15ம் போகிறது என்றால் அந்தப் பட்டியல் கேமுக்கானதல்ல. எல்லாப் பணத்தையும் கார்டிலேயே கொட்டிவிட்டுப் பலவீனமான பிராசஸர் போட்டாலும் பயனில்லை. பொட்டலம் கட்ட நான்கு ஆள் இருந்தும் தராசு ஒன்றே ஒன்று என்றால் வரிசை தராசடியில்தான் நிற்கும்.

ஒன்றுக்கொன்று பொருந்துமா?

மளிகையில் ஒரு கடையில் பருப்பும் இன்னொரு கடையில் புளியும் வாங்கலாம், சாம்பாரில் சேர்ந்துவிடும். இங்கே அப்படி முடியாது. ஐந்து பொருத்தம் பார்க்க வேண்டும்.

1. சாக்கெட். பிராசஸர் உட்காரும் இடத்துக்கு இது பெயர். ரைசன் 5600க்கு ஏ.எம்.4, 7600க்கு ஏ.எம்.5. இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு எல்.ஜி.ஏ. 1700. 2024ல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்.ஜி.ஏ. 1851. ஒன்றுக்குரியது மற்றொன்றில் உட்காராது.

2. ராம் வகை. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஏ.எம்.4 பலகைக்கு 4, ஏ.எம்.5 பலகைக்கு 5. எல்.ஜி.ஏ. 1700ல் இரண்டு வகைப் பலகையும் உண்டு. பெட்டியில் உள்ளதைப் படித்துப் பாருங்கள்.

3. அளவு. ஏ.டி.எக்ஸ். பலகை 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244க்கு 244. கேபினெட் எதை ஏற்கும், எத்தனை மில்லிமீட்டர் நீளக் கார்டு நுழையும், எவ்வளவு உயரக் கூலர் நிற்கும் என்பது அதன் விவரத்தாளில் இருக்கும்.

4. பயாஸ். கிடங்கில் பழகிய பலகையில் அதற்குப் பின் வந்த பிராசஸரைப் போட்டால், பயாஸ் மென்பொருளைப் புதுப்பிக்காமல் இயங்காமல் போகலாம். கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள்.

5. மின் இணைப்பு. கார்டு கேட்கிற ஒயர் முனை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கண்ணில் படாத பாகம்

எங்களை முதல் முறை கவிழ்த்தது எஸ்.எம்.பி.எஸ். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தைப் பாகங்களுக்கு ஏற்ற சிறிய வோல்ட்டாக மாற்றித் தருவது இதன் வேலை. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் வரியிலிருந்தே எடுக்கின்றன. ஆகவே பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் உள்ள வாட்டைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இரண்டையும் பெருக்கினால் உண்மை வெளிவரும். 45 ஆம்பியர் என்றால் 540 வாட். வெளியே '450 வாட்' என்று போட்டு உள்ளே 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர்தான் என்றால், அங்கே கிடைப்பது 192 வாட். பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படிக்கிற நம் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

எங்கள் இரண்டாவது கம்ப்யூட்டரின் கணக்கு இது. ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட். ரைசன் 5 7600 உச்சத்தில் 88 வாட். மற்றவைக்கு 60 என்று வைத்தால் மொத்தம் 263. நாங்கள் வாங்கியது பெயர்பெற்ற தயாரிப்பில் 550 வாட், '80 பிளஸ்' முத்திரையுள்ளது. அந்த முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் மாறுகிறது என்பதைத்தான் சொல்லும். எனவே அதிக லோடு, அதிக வோல்ட் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு உண்டா என்பதையும் தனியாகக் கேளுங்கள்.

யு.பி.எஸ்.ஸிலும் இதே கவனம் தேவை. வி.ஏ. வேறு, வாட் வேறு. 600 வி.ஏ. என்று விற்பவை பெரும்பாலும் 360 வாட் தருபவை. கேம் ஓடுகிற கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்தால் அது மூச்சு வாங்கும். 1 கே.வி.ஏ. வாங்குவது நிம்மதி. பிளக் பாயின்ட்டில் எர்த் சரியாக உள்ளதா என்பதை எலக்ட்ரீஷியனிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிராசஸர் 95, 100 டிகிரி சூட்டை எட்டினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் கண்ணாடி வைத்து அடைத்த கேபினெட்டைவிட, வலைத்தகடு வைத்துக் காற்றுப் போகிற கேபினெட்டே நமக்கு ஏற்றது.

விலை ஏற்ற இறக்கம்

இந்தச் சரக்கிலும் வெங்காயம், தக்காளிபோல் விலை ஏறும் இறங்கும். 2021ல் கிரிப்டோ நாணயம் எடுக்கிறவர்கள் கிராபிக்ஸ் கார்டுகளை வாங்கிக் குவித்ததால் விலை எகிறியது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும், இரவு பகலாக உழைத்த கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. பழைய கார்டு வாங்குபவர்கள் அரைமணி நேரம் கேம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. ராம் சில்லுகளில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கணினி மையங்கள் மொத்தமாகக் கேட்டதால் சரக்கு அந்தப் பக்கம் திரும்பியது. 2025 டிசம்பரில் மைக்ரான், பொதுமக்களுக்கு விற்கும் தனது 'குரூஷியல்' வியாபாரத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தது. பெரிய பார்ட்டி வந்தால் சில்லறைக்கு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? இப்படிப்பட்ட நேரத்தில் 16 ஜிபியோடு தொடங்கிவிட்டு, மேற்கொண்டு சேர்க்க இடம் விட்டு வைப்பதே வழி.

பில், வாரண்டி, வரி

சென்னை ரிச்சி தெருவானாலும், உங்கள் ஊர்க் கடையானாலும், ஆன்லைன் ஆனாலும், மூன்று இடத்தில் விலை கேட்டுப் பட்டியலாக எழுதுங்கள். எழுதும்போது முழு மாடல் பெயர், வாரண்டி எத்தனை ஆண்டு, வரி சேர்த்தா சேர்க்காமலா என்ற மூன்றையும் குறியுங்கள். பிராசஸர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டுக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டு வாரண்டி உண்டு. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பெட்டிகளைத் தூக்கி எறியாதீர்கள்.

கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு 28 ஆக இருந்ததும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. கடையின் பில்லிங் வேலைக்கு வாங்கும் கம்ப்யூட்டருக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். வீட்டில் பிள்ளை விளையாட வாங்கியதைக் கடை ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போட்டு வரவு எடுப்பது தவறு. சொந்த உபயோகத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு எதற்குமே வரவு கிடையாது.

விண்டோஸ் லைசென்ஸையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. "இலவசமாகப் போட்டுத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், இலவசமாக வந்த எங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது

இது பிள்ளையின் வேலை. நாம் பக்கத்தில் இருந்தால் போதும். வேலை செய்யும்போது பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க, பாகத்தைத் தொடுமுன் கேபினெட்டின் உலோகத்தைத் தொட வேண்டும். ஏ.எம்.5, இன்டெல் சாக்கெட்டுகளில் முள் பலகையில் இருக்கும். வளைந்தால் வாரண்டி போய்விடும். கூலரின் அடியில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்கக் கூடாது. கடைசியாக ஒன்று: மானிட்டர் ஒயரை மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் சொருக வேண்டும். இதை மறந்துவிட்டு "கார்டு சரியில்லை" என்று கடைக்குப் போகிறவர்கள் உண்டு.

எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை அடைத்த பிறகு, மகன் மாட்டினான். லேபிளைப் படித்துச் சொல்வதும் டார்ச் பிடிப்பதும் எங்கள் வேலை. இரவு பதினோரு மணிக்குத் திரையில் எழுத்து வந்தது. அந்தக் கம்ப்யூட்டர் கோடை வெயிலையும் மின்வெட்டையும் தாண்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது கடைக்கு எது வாங்கினாலும், "அப்பா, பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா?" என்று கேட்பவன் அவன்தான்.

ஆகவே வணிகர்களே, சரக்கு புதிது என்பதற்காகப் பயந்து நம் கொள்முதல் புத்தியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டாம். வேலையை முடிவு செய்து, பட்டியல் போட்டு, பொருத்தம் பார்த்து, லேபிள் படித்து, பில்லோடு வாங்குங்கள். பருப்புக்கு உள்ள நியாயம்தான் பிராசஸருக்கும்.